பதினோரு மணிக்கு நலம்

மணி பத்து இருபத்தைந்துதான் ஆகிறது. அதற்குள் பதினோரு மணிக்குத் தான் நலமாக இருந்ததாகத் தங்கபுஷ்பம் எழுதி முடித்துவிட்டாள். மடியில் கிடக்கிற நாலு பக்க நோட்டைத் திறந்து பார்க்க வேண்டியதே இல்லை, என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். நேற்றுப் பகல் பதினொன்று, மிஷின் மாட்டியது, நலம். மதியம் இரண்டு, நலம். சாயங்காலம் ஆறு, நலம். இரவு பத்து, நலம். காலை ஆறு, நலம். பத்து, நலம். பதினொன்று, மிஷின் கழற்றியது, நலம். ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சு. காலையில் காப்பி ஆறுவதற்குள் எழுதியது. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளிடம் நேரம் போட்ட கட்டங்களை நீட்டினால் வேறென்ன நடக்கும், கை பாட்டுக்குப் போய் நிரப்பிவிட்டு வந்துவிடும், தலையைக் கேட்காது. நேற்று மிஷினை மாட்டிவிட்டு நோட்டை நீட்டின டெக்னீஷியன் பிள்ளைக்கு அது தெரியுமா, பாவம். "டைரிம்மா, உள்ளது உள்ளபடி எழுதணும், சரியா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிக் கொடுத்தாள். சேலைக்குள் கழுத்திலிருந்து தொங்குகிறது, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிகிற பெட்டி. நெஞ்சில் ஐந்து இடத்தில் ஒட்டின பட்டை, அதிலிருந்து வயர், ஒரு முழு நாளாகக் குளியல் கிடையாது, இடது பக்கத்துப் பட்டை அரிக்கிற அரிப்பைச் சொல்லி முடியாது. சொறியக் கூடாது. எத்தனை பேரைச் சொறியாதே சொறியாதே என்று அதட்டியிருப்பாள், இப்போது அனுபவி. விரல்களை மடக்கி நோட்டின்மேல் வைத்துக்கொண்டாள். திருநெல்வேலியில் இந்த இருதய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தா, பெஞ்சு என்னவோ நல்ல பெஞ்சுதான், எதிரே சுவரில் பெரிய கடிகாரம், விநாடி முள் நின்று நின்று போகிறது. பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள்.

கடிகாரத்தைப் பார்க்காதே என்றால் கண் அங்கேதான் போகிறது. அந்த முள்ளுக்குச் சொல்ல ஒரு பேட்டரி இருக்கிறது. நெஞ்சுக்குள் துடிக்கிற இதற்கு யார் சொல்கிறார்கள்? போன வாரம் டாக்டர் மும்தாஜ், அவளுக்கு மிஞ்சிப்போனால் முப்பத்தைந்து வயது இருக்கும், மருந்துச் சீட்டின் பின்பக்கம் இதயம் என்று ஒரு மாங்காயை வரைந்து அதன் தலையில் ஒரு புள்ளி வைத்தாள். "இங்க பாருங்கம்மா, மேல வலது பக்கம், உடம்பு ரத்தமெல்லாம் வந்து சேர்ற இடம். அதுல ஒரு ஓரத்துல இத்தனூண்டு. சைனஸ் நோடு. நீங்க படிச்சிருப்பீங்க." படித்தாள்தான். சிவப்பு நீலப் பென்சிலில் படம் வரைந்து பாகம் குறித்துப் பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினாள், வாங்கின மறுநாளே மறந்தும் போனாள். ஒரு புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. சொட்டுச் சொட்டாகத் தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும், நிரம்பினதும் ஒரு தட்டு. அந்தத் தட்டு மேல் அறைகள் இரண்டிலும் ஓடும், நடுவில் இன்னொரு புள்ளி வரும்போது கண்சிமிட்டுகிற நேரம் நின்றுகொள்ளும், மேலே இருக்கிற ரத்தம் கீழே இறங்கட்டும் என்று. இறங்கினதும் கீழ் அறைகளுக்குப் போகும். அதற்குள் மேலே அடுத்த சொட்டு விழ ஆரம்பித்திருக்கும். "மூளை சொல்லித்தான் துடிக்குதுன்னு எல்லாரும் நெனைக்குறாங்க. மூளை வேகமாப் போ, மெதுவாப் போன்னு சொல்லும், அவ்வளவுதான். தட்டுறது அதுவே தட்டுது." வீட்டுக்கு வந்து ஆசீரிடம் சைனஸ் என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "அதுக்கு ஆவி பிடிச்சாப் போதும்லா, புஷ்பம்" என்றார் அவர். நாற்பது வருஷமாக ஒரு நர்ஸோடு குடித்தனம் பண்ணின மனுஷன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, சிரிக்கிற வேகத்தில் அதுவும் கொஞ்சம் வேகமாகத் தட்டியிருக்கும், யாரும் சொல்லாமலே.

ஆசீர் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். பக்கத்து வீட்டு ரெஜினாள் பார்த்துக்கொள்கிறாள், பதினொன்றரைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறது. பார்க்கின்சன் வியாதி, கை நடுங்கும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், நாற்காலியிலிருந்து அவரை எழுப்ப அவள் எதிரே நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் தூக்க வேண்டும். நேற்றுச் சாயங்காலம் ஆறு இருபதுக்கு மூன்று சொல்லும்போதுதான் வந்தது. மூன்று என்ற சொல் வாயில் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, சுவர் கறுத்துக்கொண்டே வருகிறது, அவள் அவரைப் பிடித்திருக்கிறாளா அவர் அவளைப் பிடித்திருக்கிறாரா என்றே தெரியவில்லை, பிறகு தொம்மென்று நெஞ்சில் ஒரு இடி, வெளிச்சம். "என்ன புஷ்பம், நிறுத்திட்ட" என்றார். ஒன்றுமில்லை அத்தான் என்றாள். இன்று காலை அடுப்படியில் மறுபடியும் ஒரு தடவை. அதற்கப்புறம் உட்கார்ந்துதான் நோட்டை எழுதினாள், நலம், நலம். டாக்டர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும்: "மெதுவாத் துடிக்குதுங்கிறதுக்காக மட்டும் நான் பேஸ்மேக்கர் வைக்கமாட்டேன்மா. அது நிக்குற அதே நேரத்துல உங்களுக்கும் ஏதாவது பண்ணுதான்னு தெரியணும். துடிப்பை மிஷின் எழுதிரும். தலைசுத்தலை நீங்கதான் எழுதணும்." அப்படியென்றால் பேனா யார் கையில் இருக்கிறது? எழுதினால் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைப்பார்கள். வைத்தால் ஒன்றரை மாசம் இடது கையைத் தோளுக்குமேல் தூக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஆசீர் பாரமில்லாமல் வேறென்ன. பெங்களூரிலிருந்து மகன் வருவான், ரெண்டு பேரும் அங்க வந்துருங்க என்பான், பதினாறாவது மாடி. எழுதாவிட்டால்? எழுதாவிட்டால் ஒருநாள் அவரைப் பாதி தூக்கின நிலையில் இரண்டு பேரும் விழுவார்கள், அவள் எழுந்திருக்க மாட்டாள், அவரால் எழுந்திருக்க முடியாது. இதைத்தான் அவள் மனசு ஒரு வாரமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுகிறது.

உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை: அந்தப் புளியங்கொட்டையை நினைத்தால் அவளுக்கு வருத்தமாக இருக்கிறது. அறுபத்திரண்டு வருஷமாக லீவே போடாத ஒன்றிடம் போய், உனக்கு வயசாயிற்று, ஒதுங்கிக்கொள், புதுசாக ஆள் வருகிறது என்பதா. ரிட்டையரான அன்றைக்கு அவளுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் கொடுத்து, ஸ்வீட் காரம் வைத்து. மறுநாள் போர்வையை எடுக்க வார்டுக்குப் போனபோது அவள் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது, யாருங்க வேணும் என்று கேட்டது. இதுவோ அவளுடைய அம்மைக்குத் தான் முழுகாமல் இருப்பதே சரியாகத் தெரியாத நாளிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு அப்போது முகமில்லை, விரலில்லை, மூளை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, இதுமட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் தூங்கினபோது தட்டியது. ஆசீர் பெண் பார்க்க வந்து பலகாரத் தட்டைப் பார்க்காமல் அவளையே பார்த்தபோது ஓடோடித் தட்டியது. அம்மை செத்த அன்றைக்கு, நானும் போய்விட்டால் தேவலை என்று அவள் கிடந்தாளே, அன்றைக்கும், அவளைக் கேட்காமல், அவளுக்கு எதிராகவே, தட்டிக்கொண்டிருந்தது. ஒருநாளாவது உண்டா, நன்றி என்று ஒரு சொல்? வேதக்கோயிலில் எத்தனை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் போட்டிருக்கிறாள். மகன் பாஸானதற்கு ஒன்று, போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கு ஒன்று, ஆசீர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தும் ஒரு பல்லோடு தப்பியதற்கு ஒன்று. கவரின்மேல் காரணத்தை எழுதினால் பாதிரியார் ஐயர் ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். கிரைண்டர் ரிப்பேர் சரியானதற்கெல்லாம் வாசித்திருக்கிறார். இதயம் நிற்காமல் துடிக்கிறதற்காகத் தங்கபுஷ்பம் குடும்பத்தினர் என்று ஒரு தடவைகூட இல்லை.

பேர் இல்லாத கவர் ஒன்று போட்டிருக்கிறாள். அது வேறு கதை. வேறு கதை இல்லை, அதைத்தான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறாள். எழுபத்திரண்டு. வேலையில் இருந்த நாளில் பெண்கள் வார்டில் நாற்பது கட்டில், அறுபது நோயாளி, ஒரு நர்ஸ்; இரண்டு மணிப் பல்ஸை இரண்டு மணிக்கு எண்ண ஆரம்பித்தால் ஐந்து மணிக்குத்தான் முடியும். அதனால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சார்ட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துத் தெளிவாக இருக்கிறவர்களுக்கெல்லாம் எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு, அங்கங்கே சந்தேகம் வராமலிருக்க ஒரு எழுபத்து நாலு. எல்லாரும் செய்தார்கள். செய்யாதவள் வீட்டுக்குப் போக முடியாது. அன்றைக்கு உலகம்மாள் என்று ஒரு புளியங்குடிக்காரி, மயக்கமாக வருகிறது என்று சேர்ந்தவள், சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறவளுக்கு என்ன, எழுபத்திரண்டு. அப்போது மணி ஒன்றரை. ஒன்றே முக்காலுக்கு, விரிப்பு மாற்றப் போன ஆயா மாடத்தி, உலகம்மாள் கையைப் பிடித்தபடியே நின்று கூப்பிட்டாள்: "சிஸ்டரம்மா, இந்தப் பொம்பள கை என்ன இப்படித் தட்டுது? ஒண்ணு தட்டிட்டு அடுத்தத மறந்துருது." மாடத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்ணவும் அவளை யாரும் சொன்னதில்லை. கையைப் பிடித்தாள், பிடித்ததால் தெரிந்தது, தெரிந்ததைச் சொன்னாள். தங்கபுஷ்பம் ஓடிப்போய் எண்ணினால் முப்பத்தாறு. டாக்டர் வந்து ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பிழைத்தாள். அனுப்புவதற்கு முன்னால் தங்கபுஷ்பம் செய்தது, அந்தச் சார்ட்டைக் கிழித்துப் புதுசாக எழுதியது. பதினைந்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் செத்துப்போனவளுக்கு இரண்டு மணிக்குப் பல்ஸ் எழுபத்திரண்டு இருந்திருக்கும், தங்கபுஷ்பத்தின் கையெழுத்தோடு. அதை இன்றைக்கு வரைக்கும் ஆசீரிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்று மாசம் கழித்து உலகம்மாள் நெஞ்சில் ஒரு மிஷினோடு, ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். "சிஸ்டர், நீங்க அன்னைக்குக் கையைப் பிடிச்சுப் பாத்ததுனாலதான் இன்னைக்கு நான் உங்க முன்னால நிக்கேன்." காலைத் தொடக் குனிந்தாள். தங்கபுஷ்பம் என்ன செய்தாள்? நல்லா இருங்கம்மா என்றாள். பழத்தை வாங்கிக்கொண்டாள். நாலு கட்டில் தள்ளி மாடத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள், கேட்டிருக்கும், வாளியில் துணியைப் பிழிகிற சத்தம் ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்ப வந்தது. பாதிப் பழத்தைச் சாயங்காலம் மாடத்தியிடம் கொடுத்தபோது, "ஊறுகா போட்டு உங்களுக்கும் கொண்டாரேன்" என்றாள், கொண்டுவந்தாள், ஆறு மாசம் அந்த ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஒவ்வொரு நாளும் தங்கபுஷ்பத்துக்குக் கூசியது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கவர் போட்டாள். ஐயர் வாசித்தார், பெயர் சொல்ல விரும்பாத சகோதரி ஒருவர், காரணம் எழுதவில்லை. நன்றிதான், ஆனால் போய்ச் சேர வேண்டிய ஆளுக்குப் போய்ச் சேராத நன்றி. ஒரு வருஷம் எல்லாருக்கும் முழு நிமிஷம் எண்ணினாள். அப்புறம் கூட்டம், ஆளில்லை, கால் வலி, கொஞ்சம் கொஞ்சமாக எழுபத்திரண்டு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மாடத்தி இப்போது சுரண்டையில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். போகவில்லை.

பத்து நாற்பத்தாறு. பக்கத்தில் ஒரு பெரியவர் முழங்காலில் துண்டை விரித்து எக்ஸ்ரே கவரை அதன்மேல் வைத்திருக்கிறார், உங்களுக்கு என்ன நம்பர் என்று கேட்கிறார். அவள் சொல்ல வாயெடுத்தாள், பதினா... சொல் நின்றுவிட்டது. கடிகாரத்தில் விநாடி முள் ஏழைத் தாண்டுகிறது, அவளுக்குள் தாண்டவில்லை. நெஞ்சுக்குள் ஒன்றுமில்லை. வலியில்லை, பயமில்லை, அங்கே எப்போதும் ஒரு ஆள் இருந்தான் என்பது இப்போது இல்லாதபோதுதான் தெரிகிறது. வராந்தா ஓரங்களிலிருந்து கறுக்கிறது, பெரியவரின் வெள்ளைத் துண்டு மட்டும் மிஞ்சுகிறது. ஆசீருக்குப் பதினொன்றரை மாத்திரை. ரெஜினாளுக்கு எந்த டப்பா என்று தெரியாதே. நோட்டில் பதினொன்று நலம் என்று இருக்கிறது, இப்போது போனால் அப்படியே இருக்கும், செத்தவளுக்கு நலம், அதே கையெழுத்து, அதே சாய்வு, கிழித்துப் போட்டுப் புதுசாக எழுத இந்தத் தடவை யாருமில்லை. வா என்றாள் உள்ளுக்குள். வா, என் ராசாத்தி, ஒண்ணே ஒண்ணு தட்டு, உன்னை நான் ஒருநாளும் கேட்டதில்ல, இன்னைக்குக் கேக்கேன், வா. தொம். வந்தது. கையில் காலில் காதுமடலில் சுடச்சுட ஓடியது, வராந்தா முழுசாகத் திரும்பி வந்தது, வெளிச்சமும் ஃபினாயில் வாசனையும், "என்னம்மா, தண்ணி தரவா" என்கிற பெரியவரும். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உதடு அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, துடைக்கவில்லை. இந்த நன்றி சரியான இடத்துக்குத்தான் போகிறது, நேராக, கவரில்லாமல், ஒரு புளியங்கொட்டைக்கு.

இதை ஒதுங்கச் சொல்கிறார்கள் என்று யார் சொன்னது? டாக்டர் சொல்லவில்லையே. டாக்டர் சொன்னது வேறு, அன்றைக்குக் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை, இப்போதுதான் ஏறுகிறது: "உங்களோடதை நாங்க எடுக்கமாட்டோம்மா. அது தட்டுற வரைக்கும் பேஸ்மேக்கர் சும்மா பாத்துட்டே இருக்கும். ஒரு தட்டு தாமதமானா மட்டும் அது ஒண்ணு தட்டும். அப்புறம் திரும்பவும் சும்மா இருக்கும்." சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும். கையைப் பிடித்தபடி. மாடத்தி மாதிரி. அறுபத்திரண்டு வருஷம் தனியாக டூட்டி பார்த்ததற்குப் பக்கத்தில் ஒரு மாடத்தியை நிறுத்தப் போகிறார்கள், இதற்கா அவள் பயந்தாள். ஒன்றரை மாசம் ஆசீரைத் தூக்க ஆள் வைத்தால் போகிறது, மகன் வந்து தூக்கட்டும், அவனைத் தூக்கி வளர்த்த மனுஷன்தானே. அவள் இடது மணிக்கட்டைத் திருப்பி வலது கை மூன்று விரலை வைத்தாள். கடிகாரத்தில் முள் பன்னிரண்டில் வரும்வரை காத்திருந்தாள். ஒன்று. இரண்டு. தன் கையைத் தானே பிடித்து எண்ணி எத்தனை வருஷம் இருக்கும். கால் நிமிஷத்தில் பத்து வந்தது, பத்தை நாலால் பெருக்கிவிடு என்று பழைய புத்தி சொன்னது, சும்மா இரு என்றாள். இருபத்து மூன்று. இருபத்து நாலு. ஒரு இடத்தில் தயங்கியது, அவளும் அதோடு தயங்கினாள், வந்தது, மறுபடி சேர்ந்து போனார்கள். பெரியவர் ஏதோ கேட்டார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முள் பன்னிரண்டுக்கு வந்தது.

கதவு திறந்து நேற்றைய பிள்ளை எட்டிப் பார்த்தது. "தங்கபுஷ்பம் ஆசீர். வாங்கம்மா, கழட்டிரலாம். டைரி எழுதிட்டீங்கள்ல?"

"இப்பதான் எழுதுதேன். ரெண்டு நிமிஷம் பொறு, மக்கா."

பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நலம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒற்றைக் கோட்டால் அடித்தாள், அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது வார்டுச் சட்டம், போட்டாள். ஆறு இருபதை எழுதினாள். அடுப்படியை எழுதினாள். கடைசியாக இருந்த பதினொன்று நலத்தையும் அடித்துவிட்டு, அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில், பரீட்சை எழுதுகிறவள் மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: காலை 10.46. உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டியது. திரும்பி வந்தது. பல்ஸ் 41. முழு நிமிஷம், நானே எண்ணியது.